தீர்ப்புக்குப் பிறகு பிள்ளைக்கு யார் பொறுப்பு?

தவறு செய்த சிறுவனை நீதிமன்றம் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் ஒப்படைக்கிறது. அதன் பிறகு அவனுக்கு நடப்பவற்றுக்கு யார் பதில் சொல்வது? மன்னார்த் தீவுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. தோட்டவெளி, பேசாலை, தலைமன்னார் என்று நீளும் இந்தக் கரைக்கு எதிரே இந்தியா கிட்டவே இருக்கிறது. பீடி இலையும் கேரளக் கஞ்சாவும் ஐஸ் போதைப்பொருளும் இக்கடல் வழியே வந்து பிடிபடுவதைக் கடற்படையும் பொலிஸாரும் அடிக்கடி அறிவிக்கிறார்கள். கரையில் இறங்கும் பொதியைத் தூக்கவும், வீதியில் பொலிஸ் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லவும் மலிவாகக் கிடைக்கும் ஆள், பாடசாலையை இடையில் விட்ட பையன். வலை வீசும்போது கரையில் நிற்பவன் அவன்; பணம் போட்டவர் வீட்டில் இருப்பார். ஆகவே இந்தப் பிள்ளைகளை ஊர் எப்படி நடத்துகிறது என்பது ஊரின் நீதியைப் பற்றிய கேள்வியும்கூட.

சட்டம் பிள்ளையின் பக்கம் சாய்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் சிறுவர் வழக்குகளைப் பெரியவர் வழக்குகளிலிருந்து பிரித்தது. 1991இல் இலங்கை ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 37ஆம் உறுப்புரை, தடுத்துவைப்பது கடைசி வழியாகவும் மிகக் குறுகிய காலத்துக்காகவும் இருக்க வேண்டும் என்கிறது. 2018இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, குற்றப் பொறுப்புக்கான வயது 8இலிருந்து 12 ஆனது. குறை இருப்பது நீதிமன்றக் கட்டளை பிறந்த பிறகான காலத்தில். 13ஆம் திருத்தம் நன்னடத்தைச் சேவையை மாகாணங்களிடம் கொடுத்தது. வட மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்துபோனது. அன்றுமுதல் இந்தச் சேவையைப் பற்றிச் சபையில் எழுந்து கேட்க மக்களின் பிரதிநிதி ஒருவரும் இல்லை. 2025 மே மாதத் தேர்தலில் நகர சபையும் பிரதேச சபைகளும் மீண்டும் வந்தன. ஆனால் நன்னடத்தை அவற்றின் அதிகாரத்துக்குள் இல்லை. மாவட்டச் செயலகத்திலும் பிரதேச செயலகத்திலும் சிறுவர் அபிவிருத்திக் குழுக்கள் கூடுகின்றன. அங்கே சேவையை நடத்துபவர்களே சேவையைப் பற்றி அறிக்கையும் தருகிறார்கள்.

வெளிக்கண் படாத இடத்தில் என்ன நடக்கக்கூடும் என்பதை இரண்டு மரணங்கள் காட்டின. 2022 டிசம்பர் இறுதியில் தமிழ்நாட்டின் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் திருட்டுக் குற்றச்சாட்டில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் இறந்தான். இல்லத்தின் ஊழியர்கள் கைதானார்கள். அதன் பின்னரே தமிழ்நாடு அரசு, இத்தகைய இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை நியமித்தது. 2023 நவம்பரில் கல்முனையில் நன்னடத்தை நிலையமொன்றில் இருந்த சிறுவன் உயிரிழந்தான். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். இரண்டு இடங்களிலும் விசாரணை வந்தது உயிர் போன பிறகு. உயிர் போகாத இடத்திலும் சேதம் உண்டு. அது செய்தியாவதில்லை, அவ்வளவுதான். தோட்டவெளிப் பையன் ஒருவன் நீதிமன்றக் கட்டளையால் அச்சுவேலிச் சான்றுபெற்ற பாடசாலைக்கு அனுப்பப்பட்டால், அவனைப் பார்க்கத் தாய் மன்னார் பஸ் நிலையத்துக்கு வந்து, யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. ஒரு நாள் உழைப்பும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்தால் மாதம் ஒருமுறை என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆகிவிடும். குடும்பத்தோடு தொடர்பு பிள்ளையின் உரிமை என்று சமவாயம் சொல்கிறது. அந்த உரிமை பஸ் கட்டணத்தில் கரைவதைக் கொழும்பில் இருந்து எவரும் காண முடியாது.

எனவே இந்தச் சேவைகளுக்கு உள்ளூர்க் குழுவொன்றின் கண்காணிப்பு வேண்டும். இதற்கு எதிராக வரும் முதல் வாதம் வலுவானது. சின்ன ஊரில் இரகசியம் தங்காது. குழுவில் பெயர் அடிபட்ட பிள்ளைக்குக் கள்ளன் என்ற பட்டம் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். இந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. அதனால்தான் ஊர் கண்காணிக்க வேண்டியது பிள்ளையை அல்ல, பிள்ளையைப் பொறுப்பேற்ற சேவையை என்பதை முதலிலேயே வரையறுக்க வேண்டும். கட்டளைக்குப் பிறகு உத்தியோகத்தர் பிள்ளையை முதன்முதலாகச் சந்திக்க எத்தனை நாள் ஆனது? ஓர் உத்தியோகத்தரின் கையில் எத்தனை கோவைகள்? திரும்பி வந்த பிள்ளைகளில் எத்தனை பேரைப் பாடசாலை சேர்த்துக்கொண்டது? எத்தனை குடும்பங்களால் பிள்ளையைப் போய்ப் பார்க்க முடிந்தது? இவற்றுக்கு ஒரு பெயரும் தேவையில்லை. ஒரு கிராமத்தின் எண்ணிக்கையே ஆளைக் காட்டிக் கொடுக்கும் என்றால், கணக்கை மாவட்ட அளவில் திரட்டலாம். இங்கிலாந்தில் 1998ஆம் ஆண்டுச் சட்டம், இளம் குற்றவாளிகளுக்கான குழுவில் பொலிஸ், கல்வி, சுகாதாரம், சமூக சேவை ஆகிய துறைகளை ஒன்றுசேர்த்து, ஆண்டுதோறும் திட்டமொன்றை வெளியிடும் கடமையை உள்ளூராட்சியிடம் வைத்தது. பிள்ளையின் பெயரை மறைத்துக்கொண்டே சேவையின் கணக்கைத் திறந்து வைக்க முடியும் என்பதற்கு அது சான்று.

இரண்டாவது வாதம், கடத்தலில் பணம் பார்த்தவர்கள் ஊரில் செல்வாக்குள்ளவர்கள், குழுவுக்குள்ளும் அவர்கள் கை நீளும் என்பது. அதற்காக ஊரையே விலக்கி வைத்தால், செல்வாக்கு அலுவலகக் கதவின் பின்னால் இன்னும் வசதியாக வேலை செய்யும். தனி வழக்கில் தலையிடும் அதிகாரம் குழுவுக்கு இருக்கக் கூடாது. அதில் அதிபர், குடும்பநல உத்தியோகத்தர், கடற்றொழிலாளர் சங்கம், மாதர் சங்கம், பங்குத்தந்தை, மௌலவி எனப் பலரும் இருக்க வேண்டும். பதவிக்காலம் குறுகியதாக இருக்க வேண்டும். தவறு கண்டால் நீதவானிடமும் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் நேரே முறையிடும் வழி திறந்திருக்க வேண்டும். மூன்றாவதாக, ஆளும் வாகனமும் போதாத திணைக்களத்துக்கு இன்னொரு கூட்டம் எதற்கு என்பார்கள். பற்றாக்குறை கோவைக்குள் கிடக்கும்வரை அது உத்தியோகத்தரின் தனிப்பட்ட கஷ்டம். எண்ணி வெளியிட்டால்தான் அது பாதீட்டில் இடம் கேட்கும் கோரிக்கையாகும். பாதிக்கப்பட்டவரின் வேதனையை மறந்துவிட்டுப் பேசுவதாகவும் சிலர் வருந்தலாம். வள்ளத்து இயந்திரத்தைக் களவு கொடுத்தவருக்கும் அந்தப் பையன் மறுபடி களவுக்குப் போகாதிருப்பதே பாதுகாப்பு. அதை உறுதிசெய்வது ஒழுங்காக நடக்கும் சேவை ஒன்றுதான்.

ஒரு பிள்ளையைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைக்கும் அதிகாரத்தை நீதிமன்றம் நம் எல்லோர் சார்பிலுமே பயன்படுத்துகிறது. நம் சார்பில் நடப்பதைக் கேட்டறியும் கடமையை மாகாண சபைத் தேர்தல் வரும்வரை ஒத்திவைக்க முடியாது. பெயரற்ற ஆண்டுக் கணக்கொன்றை மன்னார் மாவட்டத்துக்கென வெளியிடுவதும், சிறுவர் அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் அதைப் பொதுமக்களின் பிரதிநிதிகள் முன் வைத்துப் பதில் சொல்வதும் பெரிய செலவில்லாத தொடக்கம். பிள்ளையிடம் அவன் செய்ததற்குப் பொறுப்பேற்கச் சொல்கிறோம். அதே பொறுப்பை அவனைத் திருத்துவதாக ஏற்றுக்கொண்டவர்களிடமும் கேட்டால்தான் அந்தச் சொல்லுக்கு அவன் முன்னால் மதிப்பிருக்கும்.