எட்டு போட்ட பிறகும் பாக்கியிருப்பது

சரியாக ஓட்டத் தெரியாத ஒருவர் முறையான உரிமத்தோடு சாலைக்கு வருகிறார். வருடக்கணக்கில் ஓட்டுகிறார். யார் மீதும் மோதவில்லை. அவர் செய்தது தவறா? ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். சாலையைப் பற்றிய நம் அறவுணர்வு இந்தப் பதிலோடு நின்றுபோயிருக்கிறது.

இருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒரே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, நாலைந்து நாள் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டு, ‘மிச்சத்தை அவங்க பாத்துப்பாங்க’ என்று பணத்தைக் கட்டி உரிமம் வாங்கியவர்கள் இருவரும். ஒருவர் போன தெருவில் பந்தை எடுக்க ஒரு குழந்தை குறுக்கே ஓடியது. மற்றவர் போன தெருவில் யாரும் ஓடவில்லை. முதலாமவரை ஊர் கொலைகாரர் என்கிறது. இரண்டாமவரை யாரும் எதுவும் சொல்வதில்லை. இருவருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் அந்தக் குழந்தை ஓடிவந்த வேளை மட்டுமே. அந்த வேளையை இருவரில் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இருவரும் தேர்ந்தெடுத்தது ஒன்றுதான்: கற்காமலே கற்றதாகக் கையெழுத்திட்டது. தவறு அங்கேயே நடந்து முடிந்துவிட்டது. தெருவில் நடந்தது அதன் விளைவு. ஒருவருக்கு வந்தது, இன்னொருவருக்கு இன்னும் வரவில்லை.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பயிற்சிப் பள்ளியில் கார் கற்பவருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சியும், அதில் 10 மணி நேரம் தானே ஓட்டும் பழக்கமும் வேண்டும் என்கின்றன. லாரி, பஸ் போன்றவற்றுக்கு 30 நாள், 15 மணி நேரம். இதுவே குறைவு. ஜெர்மனியில் வழக்கமான பயிற்சி முடிந்த பிறகும், ஊர்ப்புறச் சாலையில் 5, அதிவேக நெடுஞ்சாலையில் 4, இரவில் 3 என்று 12 தனிப் பாடங்களை ஓட்டிக் காட்டாமல் கார் உரிமத் தேர்வுக்குப் போக முடியாது. நம்மூரில் இரு சக்கர வண்டிக்கு எல்.எல்.ஆர். போட்டு, 30 நாள் கழித்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்க் காலை ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். எட்டு போடுவதில் தெரிவது வண்டியைச் சாயாமல் திருப்பும் திறமை. எதிரே லாரி வரும்போது முன்னால் போகும் பஸ்ஸை ஓவர்டேக் செய்ய இடமிருக்கிறதா என்று கணிப்பதும், மழை இரவில் எதிரில் வருபவரின் கண் கூசாமல் விளக்கைத் தாழ்த்துவதும், சாலையைக் கடக்கத் தயங்கி நிற்கும் மூதாட்டிக்காக வேகத்தைக் குறைப்பதும் அதில் தெரியாது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. கண் பார்த்து, கால் பிரேக்கைத் தொடுவதற்குள் அந்த 17 மீட்டர் போய்விடுகிறது. காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டராவது வேண்டும். 80-இல் போனால் மொத்தம் 55 மீட்டரைத் தாண்டிவிடும். இந்தக் கணக்கு பள்ளிப் பாடப் புத்தக இயற்பியல்தான். ஆனால் ஓட்டுபவர்களில் எத்தனை பேருக்கு இதை ஒருவர் உட்காரவைத்துச் சொல்லியிருப்பார்? தெரியாமல் செய்தவரை மன்னிக்க இடமுண்டு. தெரிந்துகொள்ளும் வாய்ப்பைப் பணம் கொடுத்துத் தவிர்த்தவருக்கு அந்த இடம் கிடையாது.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே நம் மாநிலம்தான் முதலிடம். நாடெங்கும் இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்துபோனவர். எந்த உரிமமும் கேட்காதவர், யாருடைய உயிரையும் பணயம் வைக்காதவர். அரைகுறையாகக் கற்றவர் வண்டியை எடுக்கும்போது தன் உயிரைப் பற்றி மட்டும் முடிவெடுப்பதில்லை. நடந்துபோகிறவருடைய சம்மதம் இல்லாமல் அவருடைய உயிரைப் பற்றியும் முடிவெடுக்கிறார். இந்த ஒரு காரணத்தாலேயே ஓட்டக் கற்பது அவரவர் சொந்த விஷயம் என்ற வாதம் விழுந்துவிடுகிறது.

சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் மனுநீதிச் சோழன் கதையைத் தமிழர்கள் நீதியின் உச்சமாகக் கொண்டாடுகிறோம். இளவரசன் தேரில் வருகிறான். பசுங்கன்று துள்ளி வந்து சக்கரத்தில் விழுகிறது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அரசன் அந்தச் சமாதானத்தை ஏற்காமல் மகனைத் தேர்க்காலில் இடுகிறான். நாம் அந்தக் கதையிலிருந்து தண்டனையின் கடுமையை எடுத்துக்கொண்டோம். கூட்டம் நிறைந்த திருவாரூர் வீதியில் தேரை எப்படிச் செலுத்த வேண்டும் என்று அந்த இளைஞனுக்கு யார் கற்பித்தார்கள் என்பதைக் கதை கேட்கவில்லை; நாமும் கேட்டதில்லை. இன்றும் ‘ஓட்டுநர் கைது’ என்பதோடு செய்தி முடிகிறது. அவருக்கு உரிமம் எப்படிக் கிடைத்தது, எத்தனை மணி நேரம் உறங்கிவிட்டு லாரியை எடுத்தார், இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று சொன்னவர் யார் என்றெல்லாம் கேட்டால் குற்றம் பலருடைய வீட்டுக்கும் போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு வீட்டுக் கதவையாவது தட்டுகிறது: பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ மூன்று ஆண்டு வரை சிறை செல்ல நேரிடும். சாவியைக் கொடுத்த கைக்கும் பொறுப்புண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

கற்பித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் அவ்வளவு எளிதில்லை. நார்வேயில் 1979-இல் வழுக்கும் சாலையில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு ஆராய்ந்தபோது, வழுக்கும் சாலைகளில் இளைஞர்களின் விபத்து குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. சறுக்கும் வண்டியைச் சமாளிக்கத் தெரியும் என்ற தைரியம் வேகத்தைக் கூட்டிவிட்டது. திறமையை மட்டும் கற்பித்து அடக்கத்தைக் கற்பிக்காத கல்வி கெடுதலாகவும் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நியூசிலாந்து 1987-இல் வேறு வழியில் போனது. புதிதாக உரிமம் பெற்றவர் பின்னிரவில் தனியாக ஓட்டக் கூடாது. அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் நண்பர்களை ஏற்றக் கூடாது. கை பழகுவது ஒரு வேகத்தில், மனம் பக்குவப்படுவது இன்னொரு வேகத்தில் என்பதை அந்தச் சட்டம் புரிந்துகொண்டிருக்கிறது. பயிற்சி எங்கே முடிய வேண்டும் என்று கேட்டால், ‘இது என்னால் முடியாது’ என்று ஓட்டுபவர் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் இடத்தில்தான்.

முறையாகக் கற்ற பிறகே ஓட்ட வேண்டும் என்பதற்கு வலுவான மறுப்பு ஏழையிடமிருந்து வருகிறது. கட்டிட வேலைக்கு விடிகாலையில் இருபது கிலோமீட்டர் போக வேண்டியவருக்கு அந்நேரத்தில் பஸ் இல்லை. டிரைவிங் ஸ்கூல் கட்டணம் அவருக்குப் பல நாள் கூலி. அவரிடம் போய் அறம் பேசுவது நியாயமா? அவருடைய தேவை உண்மையானது; அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே விடிகாலையில் அதே சாலை ஓரமாகப் பூக்கூடையோடு நடப்பவரும் ஏழைதான். ஒருவருடைய வறுமைக்கான விலையை இன்னொருவருடைய எலும்பு கட்டக் கூடாது. அப்படியானால் கட்ட வேண்டியது பொதுப்பணம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. பெருமைப்பட வேண்டிய திட்டம். அடிபட்ட பிறகான 48 மணி நேரத்துக்குப் பணம் ஒதுக்கும் அரசு, வண்டியை எடுப்பதற்கு முந்தைய 10 மணி நேரப் பயிற்சிக்கும் ஒதுக்கலாம்.

அதற்கு முன் நம் இரக்கமும் திருந்த வேண்டும். ‘பாவம், பிழைப்புக்காகக் கேட்கிறான், பாஸ் போட்டு விடுங்க’ என்று பிரேக் இன்ஸ்பெக்டரிடம் பரிந்து பேசுபவரை நல்லவர் என்கிறோம். முடியாது என்று திருப்பி அனுப்புபவருக்கு ஈவிரக்கமில்லாதவர் என்ற பெயர். பணம் எதிர்பார்க்கிறார் என்ற பேச்சு வேறு. சட்டப்படி தோற்றவர் ஏழு நாள் கழித்து மறுபடியும் வரலாம். மூன்று முறை தோற்றால் அறுபது நாள் பொறுக்க வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டவருக்கு ஆகும் நஷ்டம் அவ்வளவே. ஆனால் அந்த நாட்களில் அவர் எங்கே போய்ப் பழகுவார்? அவருக்கென்று ஒரு மைதானமோ, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒருவரோ இல்லாதவரை, பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் அதே தெருவில்தான் பழகுவார்.