பாதை இல்லாத இடத்துக்கு எதைக் கொண்டு போவது?



மெல்பேணிலோ பேர்த்திலோ வாழும் உங்கள் பெறாமகனோ மருமகனோ அனுப்பிய படமொன்று உங்கள் கைத்தொலைபேசியிலும் இருக்கக்கூடும். பெரியதொரு லாண்ட் குறூஸர் அல்லது றேஞ்ச் றோவர் வண்டி. முன்னால் தடித்த இரும்புச் சட்டம். கூரைமேல் மடித்துக் கட்டிய கூடாரம். பக்கத்தில் புகைபோக்கி போல மேலெழும் ஒரு குழாய். (அது புகை போக்குவதற்கன்று, ஆற்றைக் கடக்கையில் இயந்திரம் தண்ணீரை உறிஞ்சாமல் மேலிருந்து காற்றெடுப்பதற்கு.) "என்ன, சண்டைக்கா போகிறான்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். சண்டைக்கன்று, விடுமுறைக்கு. ஒரு வீட்டை வாங்க முற்பணமாகக் கட்டக்கூடிய காசு அந்த வண்டியின் மேலும் கீழும் ஏறியிருக்கிறது.

இது வீண் ஆடம்பரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாமா? அல்லது உழைத்தவன் தன் காசில் செய்வதை நாம் ஏன் கேட்க வேண்டும் என்று விட்டுவிடலாமா? இரண்டும் யோசிக்கச் சோம்பல்படுவோரின் விடைகள். இதற்குள் ஒரு பழைய கேள்வி ஒளிந்திருக்கிறது. மனிதனுக்குப் போதும் என்ற அளவை வகுப்பது எது?

முதலில் அந்த வேலையை மதித்துப் பார்ப்போம். ஆடம்பர வண்டியைக் காட்டுப் பாதைக்குத் தயார் செய்பவன் செய்யும் முதற் காரியமே வேடிக்கையானது. வண்டிக்கு அழகு சேர்த்ததைக் கழற்றுகிறான். இன்று விற்பனையாகும் றேஞ்ச் றோவருக்கு 23 அங்குலச் சில்லுகூட உண்டு. சில்லு பெருக்கப் பெருக்க அதைச் சுற்றியுள்ள றப்பர் மெலிகிறது. கூரான கல்லொன்று அந்த மெல்லிய ஓரத்தை எளிதில் கிழித்துவிடும். ஆகவே அதைக் கழற்றிவிட்டு சிறிய சில்லும் தடித்த ரயரும் பூட்டுகிறான். பின்னர், கங்காரு மோதி றேடியேற்றர் உடையாதிருக்க முன்சட்டம். புதைந்தால் மரமொன்றில் கம்பிவடத்தைக் கட்டித் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள வின்ச். குளிர்ப்பெட்டி இரவிலும் இயங்க இரண்டாவது பற்றரி. மணலில் சில்லின் கீழே வைக்கும் பலகைகள். மேலதிக எரிபொருளுக்கும் தண்ணீருக்கும் தாங்கிகள்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அவுஸ்திரேலியாவின் சிம்சன் பாலைவனத்தைக் குறுக்கறுப்பவன் ஆயிரத்துக்கு மேற்பட்ட மணற்றிட்டுகளை ஏறி இறங்க வேண்டும். திட்டின் மறுபக்கத்திலிருந்து வருபவன் கண்டுகொள்வதற்காக வண்டியில் உயரமான கொடி கட்டியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை வெயிலுக்கு அஞ்சி அந்தப் பாலைவனப் பூங்காக்களையே மூடிவிடுகிறார்கள். அத்தகைய இடத்துக்கு, ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லீற்றர் தண்ணீர் என்று கணக்கிட்டு ஏற்றுவதை ஆடம்பரம் என்பவன் பாலைவனத்தை அறியாதவன்.

ஆனால் கணக்கு என்று தொடங்கினால் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும். ரொயோற்றாவின் 200 ரக லாண்ட் குறூஸரை எடுத்துக்கொள்வோம். 2021 வரை அவுஸ்திரேலியாவில் விற்கப்பட்ட இந்த வண்டியைப் பயணப் பிரியர்கள் இன்றும் விரும்பி மாற்றியமைக்கிறார்கள். ஆட்களும் சாமான்களும் எரிபொருளும் சேர்ந்து அது 3350 கிலோவைத் தாண்டலாகாது. வெறும் வண்டியே ஏறக்குறைய 2700 கிலோ. எஞ்சுவது 650. இரும்பு மலைபோல் நிற்கும் வண்டி, எதையும் தாங்கும் என்றுதான் நாம் நினைப்போம். தாய், தந்தை, வளர்ந்த பிள்ளைகள் இருவர்: 300 கிலோ. முன்சட்டம் 60. வின்ச் 30. கூரைக் கூடாரம் 60. இரண்டாவது மாற்றுச் சில்லு 35. தண்ணீர் 80. பின்புறத்து இழுப்பறைகள் 60. இரண்டாவது பற்றரி 25. சற்று முன்பின்னாக இருப்பினும், கூட்டிப் பாருங்கள், 650 முடிந்துவிட்டது. சோற்றுப் பானையும் மாற்று உடுப்பும் இன்னும் ஏறவில்லை.

பாரம் மிஞ்சிய வண்டி பிறேக் பிடித்தாலும் தள்ளிப்போய் நிற்கும். கூரையில் ஏறிய சுமை சரிவில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். சுமை கூட எரிபொருட் செலவு கூடும். அதற்காக மேலும் எரிபொருள் ஏற்றினால் சுமை இன்னும் கூடும். இதற்கும் அங்கே வைத்தியம் வைத்திருக்கிறார்கள். வில்லுகளை மாற்றி, பொறியியலாளரின் சான்றிதழும் பெற்று, அனுமதிக்கப்பட்ட எடையையே உயர்த்திக்கொள்ளலாம். எல்லை இடித்தால் எல்லையை நகர்த்து! சட்டப்படி இதில் குற்றமில்லை. ஆயினும் மனித மனம் இயங்கும் விதத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கராஜ் வேலை வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

அரிஸ்டோட்டில் தமது 'அரசியல்' நூலின் முதற் பாகத்தில் செல்வத்தைப் பற்றி ஆராய்கையில் கருவிகளைக் குறித்துச் சொல்வது ஈண்டு நமக்குப் பயன்படும். எந்தத் தொழிலின் கருவியும் பருமனிலோ எண்ணிக்கையிலோ எல்லையற்றதாக இராது என்பதும், இல்லறத்துக்கு வேண்டிய செல்வமும் அத்தகைய கருவிகளின் தொகுதியே என்பதும் அவர் கொள்கை. தச்சனுக்கு எத்தனை உளி வேண்டும்? அவன் செய்யப்போகும் கதவைக் கேட்டால் அது சொல்லும். அளவு உளியில் இல்லை, வேலையில் இருக்கிறது. வேலை இன்னதென்று தெரியாமல் உளி சேர்க்கத் தொடங்கியவனுக்குப் பத்தும் போதாது, நூறும் போதாது. ஏனெனில் 'போதும்' என்று சொல்லக்கூடிய கதவு அங்கே இல்லை.

இதை நமது வண்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். 'யூலையில் பத்து நாள், நால்வர், சிம்சன் பாலைவனம்' என்று தீர்மானித்தவனின் பட்டியல் ஒரு தாளில் முடிந்துவிடும். 'எங்கேயும் போகலாம், எதுவும் நடக்கலாம்' என்பவனின் பட்டியல் முடியாது. அவன் ஆயத்தமாவது ஒரு பயணத்துக்காக அன்று, தன் அச்சத்துக்காக. அச்சத்துக்குக் கிலோவும் இல்லை, கிலோமீற்றரும் இல்லை. அதற்கு வேண்டிய சாமான் விற்கும் கடைகள் மட்டும் ஏராளம். அதனால்தான் பாலைவனத்துக்கென்று உருவாக்கிய எத்தனையோ வண்டிகள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, கடைத்தொகுதியின் தரிப்பிடத்தில் கூரைக் கூடாரம் இடிக்குமோ என்று வாசலிலே தயங்கி நிற்கின்றன.

றேஞ்ச் றோவரின் வரலாற்றையே பாருங்கள். 1970 யூனில் இங்கிலாந்தில் அது வெளிவந்தபோது தோல் இருக்கையோ மரவேலைப்பாடோ அதில் இருக்கவில்லை. பண்ணைச் சேற்றுக் காலுடன் ஏறி, மாலையில் உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவக்கூடியதாகவே அதைச் செய்திருந்தார்கள். தோலும் மரமும் பெரும்பாலும் 1980களில் வந்து சேர்ந்தவை. அந்த எளிய வண்டிகளில் இரண்டு 1971 டிசம்பரில் அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்முனை நோக்கிப் புறப்பட்டன. பிரித்தானிய இராணுவ அதிகாரியான ஜோன் பிளாஷ்போர்ட்-ஸ்னெல் தலைமை தாங்கினார். இடையில், பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே டாரியன் என்னும் பெருங்காடும் சதுப்பும். வடக்கேயிருந்து வரும் நெடுஞ்சாலை அங்கே அறுந்து போகிறது. இன்றும் அறுந்தபடியே கிடக்கிறது. வண்டிகளுக்கு வின்ச் பூட்டினார்கள். பள்ளங்களில் பாலமாக விரிப்பதற்கு ஏணிகளும், ஆற்றில் வண்டியை மிதக்கவைக்க றப்பர் மிதவைகளும் கொண்டு சென்றார்கள். சேற்றில் புதையாதிருக்க அகன்ற பெரிய ரயர்களும் மாட்டினார்கள்.

அந்த ரயர்களே வினையாயின. அவை கொடுத்த பாரத்தைத் தாங்காமல் டிபரென்ஷல் பற்சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கின. உதிரிப்பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வரும்வரை வண்டிகள் காட்டிலே காத்துக்கிடந்தன. வழி திறப்பதற்குப் பழைய லாண்ட் றோவர் ஒன்றைத் தேடிப்பிடித்து முன்னே விட்டார்கள். டாரியனைக் கடக்க ஏறக்குறைய நூறு நாட்கள் சென்றன. கத்தியால் பாதை வெட்டிய மனிதர்களும் பொதி சுமந்த குதிரைகளும் இல்லாவிடின் அந்த இரண்டு வண்டிகளும் இன்றும் அங்கேதான் நின்றிருக்கும். 1972 யூனில் அவை தென்முனையை அடைந்தன. இது வீரச் செயலே, மறுப்பதற்கில்லை. ஆனால் உதவிக்கென்று சேர்த்த பொருளே உள்ளதை உடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மோட்டார் வண்டி பிறக்குமுன்னரே இதைவிடத் துயரமான கதையொன்று அவுஸ்திரேலியாவில் நடந்தது. 1860 ஓகஸ்ட் 20ஆம் திகதி பர்க் என்பவரின் தலைமையில் ஒரு குழு, கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்க மெல்பேணிலிருந்து புறப்பட்டது. ஒட்டகங்கள், குதிரைகள், ஆறு வண்டிகள், ஏறக்குறைய 20 தொன் சாமான். அதற்குள் ஓக் மரத்தில் செய்த மேசையும் கதிரைகளும். வாணங்களும் சீனத்துச் சேமக்கலமும்கூட. புறப்பட்ட பூங்காவை விட்டு வெளியேறுமுன்னரே வண்டியொன்று உடைந்தது. தபால் வண்டி ஒரு கிழமை சொச்சத்தில் ஓடிய தூரத்தை அவர்கள் சுமார் இரண்டு மாதத்தில் கடந்தார்கள். பின்னர் சாமான்களை வழியெங்கும் விட்டுவிட்டு, கடைசியில் நால்வர் மட்டும் வடகரையோரம்வரை போய்த் திரும்பினார்கள். 1861 ஏப்ரில் 21ஆம் திகதி கூப்பர் ஓடைக்கரை முகாமை மூவர் அடைந்தபோது, அங்கே மாதக்கணக்காகக் காத்திருந்தவர்கள் அன்று காலையில்தான் புறப்பட்டுப் போயிருந்தார்கள்.

நாம் நின்று பார்க்க வேண்டியது இதற்குப் பின் நடந்தது. அந்த ஓடைக்கரை வெறும் பாலை அன்று. யந்துருவந்தா மக்கள் காலங்காலமாக மீன் பிடித்தும், நார்டூ எனும் நீர்ப்பூண்டின் வித்திப்பைகளை அரைத்துச் சமைத்தும் அங்கே வாழ்ந்துவந்தார்கள். அவர்கள் மீன் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு கட்டத்தில் பர்க் துப்பாக்கியைக் காட்டி அவர்களை விரட்டினார். நார்டூவை அவர்கள் பக்குவப்படுத்தும் முறையையும் இவர்கள் சரியாகக் கற்கவில்லை. வயிறு நிறைய உண்டும் உடல் நாளுக்கு நாள் மெலிந்தது. யூன் மாத இறுதியளவில் பர்க்கும் வில்ஸும் மாண்டார்கள். மூன்றாமவரான கிங் அந்த மக்களிடமே போய்ச் சேர்ந்தார். அவர்கள் அவரை ஏற்று உணவூட்டினார்கள். செப்டெம்பரில் தேடிவந்தவர்கள் அவரை உயிருடன் கண்டார்கள். அவரிடம் சொல்லத்தக்க சாமான் எதுவும் அப்போது இருக்கவில்லை.

யாருடைய தயவும் வேண்டாதபடி ஆயத்தமாவது ஒன்று. பிறரோடு சேர்ந்து பிழைக்கத்தக்கதாக ஆயத்தமாவது வேறொன்று. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். வண்டியில் ஏற்றும் சாமானைப் பார்த்தாலே எது எதுவென்று ஓரளவு கண்டுகொள்ளலாம்.

டாரியனுக்கு ஒருதரம் திரும்புவோம். அந்த வண்டிகள் நூறு நாள் திணறிய காட்டை 2023ஆம் ஆண்டில் மட்டும் 5 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கால்நடையாகக் கடந்தார்கள் என்பது பனாமா அரசின் கணக்கு. நாட்டை விட்டு ஓடிவந்த குடும்பங்கள். தோளில் பிள்ளை, கையில் ஒரு பை. அவர்களின் துன்பத்தைக் காட்டி நமது பெறாமகனை வெட்கப்படுத்துவது நோக்கமன்று. விரும்பி ஏற்கும் கஷ்டம் மனிதனுக்குப் பலவற்றைக் கற்பிக்கும்; நட்சத்திரத்தின் கீழே தகப்பனோடு ரயர் மாற்றிய பிள்ளை அதை மறக்காது. ஆனால் விரும்பி ஏற்கும் கஷ்டத்தை வீட்டுக்குத் திரும்பும் நாள் தெரிந்தே ஏற்கிறோம். எதை எடுப்பது, எதை விடுவது என்பதை 1995 ஒக்டோபர் இறுதியில் ஓரிரவுக்குள் தீர்மானித்த நம்மவர்க்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. அன்று சைக்கிள் கரியரில் ஏறியவை எவை என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வண்டிச் சாமான் கடையின் விலைப்பட்டியலை விட அது நல்ல பட்டியல்.

"முன்யோசனை ஒரு நற்குணம் அல்லவா? தேவைப்படாது என்று நினைத்த பொருள் ஒருநாள் உயிரைக் காக்காதா?" என்று கேட்பீர்கள். காக்கும். முதலுதவிப் பெட்டியும் தீயணைப்பானும், ஆபத்தில் விண்கோள்வழி சைகை அனுப்பும் சிறு கருவியும் பயன்படாமலே வீடு திரும்பினால் சந்தோஷம். அதற்காக அவை வேண்டாதவை ஆகிவிடா. ஆனால் கவனியுங்கள்: மணலில் புதைந்த வண்டியை மீட்பதில் பெரும்பங்கு வகிப்பது மிக மலிவான ஒரு பொருள். ரயரின் காற்றை அளக்கும் அளவுகோல். வழமையான காற்றை இறக்கிச் சதுர அங்குலத்துக்கு 18 இறாத்தல் அளவுக்குக் கொண்டுவந்தால் ரயர் நீளமாய்ப் படிந்து மணல்மேல் நடக்கிறது. தார் வீதிக்கு ஏறுகையில் திரும்பக் காற்றடிக்க ஒரு சிறு கொம்பிறசர் போதும். இதை அறியாதவன் விலையுயர்ந்த வின்ச்சைப் பூட்டிக்கொண்டு, கம்பிவடத்தைக் கட்ட ஒரு மரம்கூட இல்லாத மணலில் நிற்பான். அறியாமை காசு கொடுத்து வாங்கிய பொருளையே ஆயுதமாக்குவதும் உண்டு. இழுவைப் பெட்டி பூட்டும் குமிழில் மீட்புக் கயிற்றை மாட்டி வேகமாய் இழுக்க, அந்த இரும்புக் குமிழ் முறிந்து பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது.

அனுபவசாலிகள் சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு. பயணம் முடிந்து வந்ததும் வண்டியிலிருந்த யாவற்றையும் முற்றத்தில் விரிப்பார்கள். பாவித்தவை ஒருபக்கம், பாவிக்காதவை ஒருபக்கம், ஆபத்துக்கென்று வைத்தவை வேறாக. இரண்டாவது குவியலில் பெரும்பகுதி அடுத்த முறை வீட்டில் நிற்கும். அந்தக் குவியலை அவர்கள் வீட்டாரோடு இருந்து பிரிப்பது நல்லது. சில பொருட்கள் எந்தப் பக்கம் சேரும் என்று தகப்பனை விடப் பிள்ளைகளுக்கே நன்றாகத் தெரியும். முதற் குவியலில் பெரும்பாலும் ஒரு கயிறு கிடக்கும், சேறு காய்ந்தபடி. வழியில் புதைந்து நின்ற யாரோ முன்பின் தெரியாதவரின் வண்டியை இழுத்துவிட்டது அது. ஒருசில கிலோவுக்கு மேல் இராது.