ஒரு பேர், ஐந்து சிதம்பரம்

உங்கள் பெயரில் இன்னொருவர் இருக்கிறாரா? நிச்சயம் இருப்பார். உங்கள் பெயர் குமார் அல்லது செந்தில் என்றால் ஒரு தாலுகாவே நிரம்பும். அந்த இன்னொருவர் நாளை எதையாவது கண்டுபிடித்துப் பரிசு வாங்கினால், பேப்பரில் பெயரைப் பார்த்ததும் உங்களுக்குள் ஒரு சின்ன குஷி வருமா, வராதா? வரும். ஏன் வருகிறது என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் கணக்குப் புத்தகமாகவே தெரியும். கம்பெனிச் சட்டப் பாடத்தில் முதலில் மனப்பாடம் செய்ய வைத்த விஷயங்களில் ஒன்று, 1956 கம்பெனிகள் சட்டத்தின் 20-வது பிரிவு. ஏற்கெனவே பதிவான கம்பெனியின் பெயரிலோ, அதைப் போலத் தோன்றும் பெயரிலோ இன்னொரு கம்பெனி தொடங்க முடியாது. 2013-ல் புதுச் சட்டம் வந்த பிறகும் இதே விதிதான், 4-வது பிரிவாக. கம்பெனிக்கு இவ்வளவு கெடுபிடி. மனுஷனுக்கு? ஒரே தெருவில் நாலு முருகன் இருக்கலாம். எந்தப் பதிவாளரும் கேட்க மாட்டார். பின்னால் ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல் மாறிப்போனால் மட்டும் தாலுகா ஆபீசுக்கு ஓடி, ‘இவரும் அவரும் ஒருவரே’ என்று சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வரவேண்டும். நான் நான்தான் என்பதற்குத் தாசில்தார் கையெழுத்து!

சிதம்பரம் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். கடலூர் மாவட்டத்தில் இருக்கிற ஊர். கடலூர் பஸ் ஸ்டாண்டில் ‘சிதம்பரம், சிதம்பரம்’ என்று கண்டக்டர் கத்தும்போது, அதே பெயரில் எத்தனை பெரிய மனிதர்கள் நடமாடினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் வக்கீல், கப்பல் விட்டார். ஒருவர் பாங்க் தொடங்கினார். ஒருவர் உரத் தொழிற்சாலை கட்டினார். ஒருவர் அணுகுண்டு வெடித்தார். ஒருவர் பட்ஜெட் போட்டார். வேடிக்கை என்னவென்றால், இந்த ஐந்து பேரில் ஒருவர்கூட சிதம்பரத்துக்காரர் கிடையாது.

சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823-ல் பிறந்தவருக்கு வைத்த பெயர் இராமலிங்கம். தென்கோடி ராமேஸ்வரத்துச் சாமி பெயர். அவர்தான் வள்ளலார். வடலூரில் சத்திய ஞான சபை அமைத்து, அந்த ஊரை ‘உத்தர ஞான சிதம்பரம்’ என்றார். ஊருக்கே ஒரு பெயர்ப் பங்காளி! கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்த ஒரு குழந்தைக்கு விருத்தாசலம் என்று பெயர். அது இதே மாவட்டத்து இன்னொரு ஊர். குழந்தை வளர்ந்து, புதுமைப்பித்தன் என்று தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டு, வைத்த பெயரைக் கழற்றி மாட்டிவிட்டுப் போய்விட்டது. சாமி பெயர், ஊர் பெயர், ஆள் பெயர் மூன்றையும் நம்மவர்கள் பண்டமாற்று மாதிரி மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஐந்து சிதம்பரங்களுக்கு வருவோம். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-ல், முப்பது வயதுகூட ஆகாத நிலையில், இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கிளைகள். கடல் கடந்து வியாபாரம் செய்த தமிழனுக்குப் பணம் அனுப்ப ஒரு வழி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 1954-ல் விமான விபத்தில் இறந்துபோனார். எம்.ஏ. சிதம்பரம், சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன். சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கு இவர் பெயர்தான். ஸ்பிக் உர நிறுவனத்தைத் தொடங்கியவர். அந்தத் தொழிற்சாலை இருப்பது தூத்துக்குடியில். ஒரு சிதம்பரம் கப்பல் விட்ட ஊரில் இன்னொரு சிதம்பரம் உரம் செய்தார்! முன்னாள் நிதியமைச்சர் ப.சிதம்பரம், அதே அண்ணாமலை செட்டியாரின் மகள் வயிற்றுப் பேரன். சட்டம் படித்து, ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்து வந்தவர். அவரைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருக்கும், அதனால் நகர்ந்துவிடுகிறேன்.

அணு விஞ்ஞானி ராஜகோபால சிதம்பரத்திடம் கொஞ்சம் நிற்க வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், 1962-ல் டிராம்பே. 1974-ல் பொக்ரான் சோதனையில் இருந்தார், 1998-லும் இருந்தார். இரண்டாவது முறை அமெரிக்க சாட்டிலைட் கண்ணில் மண்ணைத் தூவ விஞ்ஞானிகளுக்கு ராணுவ யூனிபாரம் மாட்டி, வேறு பெயரும் வைத்தார்கள். அப்துல் கலாம், மேஜர் ஜெனரல் பிருத்விராஜ் ஆனார். சிதம்பரத்துக்கு என்ன பெயர் தெரியுமா? மேஜர் ஜெனரல் நட்ராஜ்! பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். ஒளித்து வைக்கிற பெயரிலேயே ஒரிஜினல் எட்டிப் பார்க்கிறது. இன்னொரு விஷயம். இவர் பிறந்தது 1936 நவம்பரில். கப்பலோட்டிய சிதம்பரம் கண்ணை மூடியது 1936 நவம்பர் 18. சில நாள் மட்டும் இருவரும் ஒரே பூமியில் இருந்தார்கள். இதைச் சொன்னதும் உடம்பு சிலிர்க்கிறதா? அந்த சிலிர்ப்பைத்தான் நான் சந்தேகப்படுகிறேன்.

ஏனென்றால் அந்தச் சில நாளுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. அந்த வாரம் தமிழ்நாட்டில் எத்தனையோ சிதம்பரங்கள் பிறந்திருப்பார்கள். ஒருவர் மளிகைக் கடை வைத்திருப்பார், ஒருவர் தறி நெய்திருப்பார். அவர்களை நாம் எண்ணுவதில்லை. ஜெயித்தவர்களை மட்டும் வரிசையில் நிறுத்திவிட்டு, ‘பார்த்தியா, அந்தப் பேருக்கே ஒரு ராசி’ என்கிறோம். பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டிக் குறைத்து அதிர்ஷ்டம் விற்கிறவர்கள் பிழைப்பது இந்தக் கணக்கில்தான்.

ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலேய தத்துவவாதி 1843-ல் தர்க்கம் பற்றி எழுதிய புத்தகத்தில் இதற்கு ஓர் அழகான உதாரணம் சொல்கிறார். அலிபாபா கதை தெரியுமில்லையா? திருடன் ஒரு வீட்டின் கதவில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டுப் போவான். அந்தக் குறி வீட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. பணக்கார வீடா, ஏழை வீடா, யார் இருக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. ‘இதுதான் அது’ என்று காட்டும், அவ்வளவே. ஒருவருடைய பெயரும் அதேதான் என்கிறார் மில். வேலைக்காரப் பெண் மார்ஜியானா என்ன செய்தாள்? எல்லாக் கதவிலும் அதே குறியைப் போட்டுவிட்டாள். திருடர்கள் குழம்பிப் போனார்கள். (1956-ல் வந்த எம்.ஜி.ஆர். படத்தில் பானுமதி செய்த வேடம்.) ஒரே பெயரில் பலர் இருப்பது மார்ஜியானா செய்த வேலை மாதிரிதான். குறி ஒன்று, கதவு பல. ஒரு கதவுக்குப் பின்னால் இருக்கிற நகை அடுத்த கதவுக்குப் பின்னால் எப்படி வரும்?

நம் இலக்கணம் இதை இடுகுறிப் பெயர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். காரணம் இல்லாமல் இட்டது இடுகுறி, காரணத்தோடு இட்டது காரணப் பெயர். சித் என்றால் அறிவு, அம்பரம் என்றால் வெளி. அதனால் சிதம்பரம் என்பார்கள். சிற்றம்பலம்தான் மருவியது என்பாரும் உண்டு. எப்படியானாலும் ஊருக்கு அது காரணப் பெயர். தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கு அது இடுகுறிதான். கப்பலோட்டிய பிறகுதான் ‘சிதம்பரம்னா சும்மாவா’ என்று நாம் காரணம் தேடிக் கொண்டுவந்து ஒட்டுகிறோம்.

சரி, பெருமைப்பட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பீர்கள். கணக்கில் இரண்டு பக்கம் உண்டு, அதுதான் பிரச்னை. பெயர் ஒன்றாக இருப்பதால் பெருமை வரும் என்றால், பழியும் வரவேண்டுமே? 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் ஷாருக் கானை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டார்கள். தன் பெயர் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பெயரோடு ஒத்துப்போனதாகச் சொன்னார்கள் என்றார் அவர். நாடே கொதித்தது. சரியான கோபம்தான். யாரோ செய்ததற்கு, பெயர் ஒன்று என்பதற்காக ஒரு மனிதனைச் சந்தேகப்படுவது அநியாயம். ஷாருக் கான் என்பதால் நாடு கொதித்தது. அதே வரிசையில் நிற்கிற, அதே மாதிரி பெயர் வைத்த ஒரு சாதாரண இன்ஜினீயருக்கு யார் கொதித்தோம்? வீடு வாடகைக்குக் கேட்டுப் போகிறவரின் பெயரைக் கேட்டதும் ‘நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்’ என்று சொல்லும் ஹவுஸ் ஓனர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். கதவின் குறியைப் பார்த்து வீட்டுக்குள் இருப்பவரை எடை போடும் அதே வேலை. பழியை ஏற்க மாட்டோம், பெருமை மட்டும் வேண்டும் என்றால், எந்த ஆடிட்டரும் அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டார்.

வணிகத்தில் குட்வில் என்று ஒன்று உண்டு. நல்ல பெயர். அதை விலை கொடுத்து வாங்கினால்தான் சொத்துப் பட்டியலில் காட்டலாம். தானாகச் சம்பாதித்ததையே காட்டக் கூடாது என்கிறது கணக்கு விதி. இரண்டும் இல்லாமல் ஓசியில் வந்த குட்வில்லை எந்தக் கணக்கில் காட்டுவது?

விலை கொடுத்து வாங்கிய பெயர் என்றதும் கடலூர் ஞாபகம் வருகிறது. 1690-ல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அந்தக் கோட்டைதான் புனித டேவிட் கோட்டை. பதவி போய் லண்டன் திரும்பிய யேல், 1718-ல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது மூட்டை சரக்கும் 417 புத்தகங்களும் மன்னரின் படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் ஐநூற்றுச் சொச்சம் பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதுதான் யேல் பல்கலைக்கழகம். 300 வருஷத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரம், இந்த விலைக்கு! சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் அப்படி மலிவாக முடிக்கவில்லை. 1920-ல் கல்லூரி தொடங்கி, வளர்த்து, 1929-ல் பல்கலைக்கழகமாக்கினார். 2013-ல் நிர்வாகம் அரசு கைக்குப் போனது. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

இறந்தவர் பெயரை வைப்பது இன்னும் மலிவு. 1986-ல் திருநெல்வேலியைப் பிரித்துச் சிதம்பரனார் மாவட்டம் என்றார்கள். 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்த பெயரை முன்னிட்டு சாதிக் கலவரம் மூண்டது. எல்லா மாவட்டங்களிலிருந்தும், போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது. சிதம்பரனாரும் போனார். 2011-ல் துறைமுகத்துக்கு அவர் பெயர் வந்தது.

அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது? 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி. பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, 10 லட்சம் முதலீடு. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். போட்டிக்கு வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. பயணிக்குக் குடை இலவசம் என்றுகூடச் சொன்னது. 1908-ல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். மொத்தம் 40 வருஷம். அப்பீலில் குறைந்தது. சிறையில் செக்கு இழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் அரிசி வியாபாரம் வரை செய்து பார்த்தார். இவ்வளவு கணக்கையும் ஒரு பெயர்ப்பலகையில் நேர் செய்யப் பார்க்கிறோம்.

நம் வீடுகளிலும் இதே கதைதான். பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’தான், தாத்தா பெயரைத் தாங்குபவன். நல்ல பழக்கம். ஆனால் பையன் கணக்கில் 38 மார்க் வாங்கிவிட்டு வந்ததும் நாம் என்ன சொல்கிறோம்? ‘யார் பேரை வெச்சிருக்கோம், அந்தப் பேருக்காவது...’ என்று ஆரம்பிக்கிறோம். தாத்தாவிடம் வாங்கிய கடன் நம்முடையது. நன்றி சொல்ல வேண்டியது நாம். அதை அந்தப் பையன் பெயரில் எழுதி, வட்டியும் அவனிடம் வசூல் செய்கிறோம். எட்டு வயசுப் பிள்ளை, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதவன், எதற்கு அடைக்க வேண்டும்?

பெயர் வைத்துக் கடனைத் தன் பெயரிலேயே எழுதிக்கொண்ட ஒரு ஆளும் உண்டு. அதுவும் ஒரு சிதம்பரம்தான். வ.உ.சி.யின் வக்கீல் சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தவர் வாலஸ் என்கிற ஆங்கிலேய நீதிபதி. 40 வருஷம் கொடுத்ததும் ஒரு வெள்ளைக்கார நீதிபதி, பிழைப்பைத் திருப்பிக் கொடுத்ததும் ஒரு வெள்ளைக்கார நீதிபதி. இரண்டு பேரையும் ஒரே கணக்கில் போட்டு ‘வெள்ளைக்காரன்’ என்று மூடியிருக்கலாம். வேறு யார் மூடினாலும் மூடலாம், செக்கு இழுத்தவர் மூடினால் யாராலும் குறை சொல்ல முடியாது. அவர் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். அப்புறம் கோவில்பட்டிக்குப் போய் வக்கீல் தொழிலைத் திரும்பத் தொடங்கினார். அந்த வீட்டில் தினம் சாப்பிடக் கூப்பிட்ட பெயர்களில் வாலஸின் பெயரும் ஒன்று.