விரலுக்கு யார் சொல்வது?

போன மாதம் காந்திகிராமத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில், பக்கத்திலேயே சின்னாளபட்டியில் சேலை மொத்த வியாபாரம் செய்கிற கல்லூரி நண்பன் போன் செய்தான். ‘டேய், வந்துட்டு அப்படியே பஸ் ஏறிடாதே. உன்னால எனக்கு ஒரு காரியம் ஆகணும்.’

காரியம் என்னவென்றால், அவன் கடையில் அப்பா காலத்திலிருந்தே கணக்கு எழுதுகிற ஒருவர் இருக்கிறார். வயது அறுபதை நெருங்குகிறது. சிட்டை, பேரேடு என்று ஆரம்பித்தவர். கம்ப்யூட்டர் வந்தபோது யாரும் சொல்லித் தராமல் தானாக டேலி கற்றுக்கொண்டவர். அவரை குடோன் பக்கம் மாற்றிவிட்டு, புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கணக்கை ஒப்படைக்க வேண்டுமாம். ‘நான் சொன்னா மனசு சங்கடப்படுவாரு. நீ பத்திரிகைக்காரன், பக்குவமாச் சொல்லு.’

அவர் செய்த தப்புதான் என்ன? எதுவுமில்லை. கடையில் நாலைந்து வருஷம் தள்ளிப்போட்டு, இப்போதுதான் டேலி பிரைமுக்கு மாறியிருக்கிறார்கள். அவ்வளவுதான்!

டேலியைப் பற்றி ஒரு வார்த்தை. பி.காம். படித்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம். 1986-ல் பெங்களூரில் பிறந்தது. ஷியாம் சுந்தர் கோயங்கா என்கிற வியாபாரி, நெசவாலைகளுக்கும் மற்ற ஆலைகளுக்கும் சரக்கு கொடுத்து வந்தவர். தன் கணக்கைப் பார்க்க சரியான சாஃப்ட்வேர் கிடைக்காமல் மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டிய அவஸ்தை அதில் கிடையாது. முருகன் ஸ்டோர்ஸ் என்றால் முருகன் ஸ்டோர்ஸ் என்றே அடிக்கலாம். சின்னாளபட்டி வரைக்கும் அது வந்து சேர்ந்ததற்கு இந்த எளிமைதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். 2009-ல் இ.ஆர்.பி. 9 வந்தது. 2020 நவம்பரில் டேலி பிரைம். இந்த முறை முகத்தையே மாற்றினார்கள். அக்கவுன்ட்ஸ் இன்ஃபோ, இன்வென்ட்டரி இன்ஃபோ என்றிருந்த வாசல்கள் போய், கிரியேட், ஆல்டர் வந்தன. ஆல்ட் ஜி அழுத்தினால் ‘கோ டு’ என்று ஒரு பெட்டி. எங்கே போக வேண்டுமோ அதன் பெயரை அடித்தால் போய்விடலாம். நியாயமாகச் சொன்னால், பழைய ஆட்களை அவர்கள் ஒரேயடியாக மறந்துவிடவில்லை. எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசிப்ட், எஃப்8 சேல்ஸ்... எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் கிரெடிட் நோட் மட்டும் கன்ட்ரோல் எஃப்8-லிருந்து ஆல்ட் எஃப்6-க்குக் குடிபோனது.

சேலை வியாபாரத்தில் கிரெடிட் நோட் என்றால் சும்மா இல்லை. கலர் சரியில்லை, பார்டர் சரியில்லை, பண்டிகை முடிந்துவிட்டது என்று தினமும் சரக்கு திரும்பி வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்.

நான் போனபோது அவர் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். கண் காகிதத்தில், கை கீபோர்டில். மவுஸை ஓரமாகத் தள்ளி, அதன்மேல் ரசீதுக் கட்டை வைத்திருந்தார். இடது சுண்டுவிரல் கன்ட்ரோலுக்குப் போனது. நின்றது. திரும்பி வந்தது.

‘எழுதி வச்சுக்கலாமேண்ணே?’ என்றேன்.

‘எழுதி வச்சிருக்கேன் தம்பி. எனக்குத் தெரியுது. விரலுக்குத் தெரிய மாட்டேங்குது.’

பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. சாஃப்ட்வேர் அதை எழுதியவர்களுடையது. லைசென்ஸ் கடைக்காரனுடையது. அந்த விரலில் இருப்பது யாருடையது? படித்த படிப்பை வைத்து யோசித்துப் பார்த்தேன். கடையின் கம்ப்யூட்டர் சொத்துக் கணக்கில் வருகிறது. வருமான வரிச் சட்டம் அதற்கு வருஷம் 40 சதவிகிதம் தேய்மானம் எழுத அனுமதிக்கிறது. கடையின் பெயருக்கு நற்பெயர் மதிப்பு என்று ஒரு தொகை போடலாம். ஒரு மனிதர் இருபது வருஷமாக விரலில் சேர்த்துவைத்த வேகத்துக்கு எந்தத் தலைப்பும் இல்லை. அதனால் அது ஒரே ராத்திரியில் குறைந்துபோனால் நஷ்டக் கணக்கிலும் வராது. வராத நஷ்டத்துக்கு யார் ஈடு கொடுப்பார்கள்?

மாற்றமே கூடாது என்று சொல்லவில்லை, ஐயா. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு, பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று தமிழ் எழுத்தையே மாற்றியது. தும்பிக்கை வைத்த லையும் னையும் போயின. நான் படிக்கப் போனபோது புது எழுத்துதான். என் அப்பா கடைசிவரை தும்பிக்கையோடுதான் கடிதம் எழுதினார். நான் கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொள்வார். அவர் எழுதியதை எங்களால் படிக்க முடிந்தது, எங்கள் எழுத்தை அவரால் படிக்க முடிந்தது. பழைய லை போட்டதற்காக அவரை யாரும் குடோனுக்கு அனுப்பவில்லை. டேலியில் அப்படி வாழ முடியாது. சட்டம் மாற மாற புது வசதிகள் புது பதிப்பில்தான் வரும், பழைய வீட்டிலேயே காலம் தள்ள ஆடிட்டர் விட மாட்டார்.

இதோடு முடித்திருந்தால் பெரியவர் பக்கம் தீர்ப்பெழுதி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்தப் பெண் குறுக்கே வந்தாள்.

டீ வாங்கி வந்து கொடுத்தவள், அவர் காதில் விழாமல் சொன்னாள்: ‘சார், பழசுல நான் மூணு மாசம் கஷ்டப்பட்டேன். எது எங்க இருக்குன்னு கேட்டா, போகப் போகத் தெரியும்னு சொல்லுவாரு. ஒரு ரிப்போர்ட் எடுக்கத் தெரியாம அரை நாள் உட்கார்ந்திருக்கேன். இப்ப பேர அடிச்சா வந்துடுது.’

சுருக்கென்றது. பெரியவருக்குச் சொத்தாக இருந்தது, இவளுக்குச் சுவராக இருந்திருக்கிறது. அனுபவம் என்று நாம் மரியாதையாகச் சொல்வதில் ஒரு பங்கு, வாசலில் உட்கார்ந்து சாவியை மடியில் முடிந்துகொள்வதும்தான். (பத்திரிகை அலுவலகத்தில் நானும் அதைச் செய்திருக்கிறேன். பேர் சொல்ல மாட்டேன்.) வாசலை அகலப்படுத்தியதற்காகப் புது டேலியை எப்படிக் குறை சொல்வது?

காந்திகிராமம் போய்விட்டு வந்ததாலோ என்னவோ, ராட்டை ஞாபகம் வந்தது. 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் ஆரம்பித்த இடம் அது. ராட்டையும் நூற்றாண்டுகளாக ஒரே முகத்தோடு இருந்த கருவிதான். அதைத் திருத்தி அமைக்கச் சொன்னவர் வேறு யாருமல்ல, காந்தியே! 1929-ல் சர்க்கா சங்கத்தின் மூலம் ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்து ஒரு லட்சம்! நிபந்தனைகளைப் பாருங்கள். கையாலோ காலாலோ ஓட்டும்படி, குடிசைக்குள் வைக்கும் அளவில் இருக்க வேண்டும். ஒரு பெண் பெரிய சிரமமில்லாமல் எட்டு மணி நேரம் வேலை செய்ய முடிய வேண்டும். அதில் 16,000 அடி நூல் வர வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இருபது வருஷம் உழைக்க வேண்டும். நூல் எவ்வளவு என்று கேட்டவர், அதோடு நூற்பவளின் முதுகையும், அவள் வீட்டுக் கூரையையும், மடியில் இருக்கிற காசையும் கேட்டார். பரிசை யாரும் வாங்கவில்லை. பின்னால் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் செய்த அம்பர் சர்க்கா வந்து, 1950-களில் அரசாங்கத் திட்டமாகவே ஆனது தனிக் கதை.

அன்று நண்பனிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தேன். ‘மாத்தறதுக்கு முன்னாடி அவருக்கு எத்தனை நாள் கொடுத்தே?’

‘நாளா? சனிக்கிழமை ராத்திரி ஏத்தினோம். திங்கக்கிழமை காலையில வந்து உட்கார்ந்தாரு.’

அப்பாடா, ஆள் கிடைத்துவிட்டார்! பெங்களூரில் தேடிக்கொண்டிருந்த குற்றவாளி, எதிரே உட்கார்ந்து எனக்கு வடை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

‘மூணு மாசம் கொடு. அதே நாற்காலி, அதே சம்பளம். தினமும் ஒரு மணி நேரம் அந்தப் பொண்ணு அவருக்கு கீ சொல்லித் தரட்டும். அவர் அவளுக்கு யார்கிட்ட எவ்வளவு நாள் கடன் கொடுக்கலாம், எந்தப் பார்ட்டி சரக்கைத் திருப்புவான்னு சொல்லித் தரட்டும். அது எந்த மெனுவிலயும் கிடையாது’ என்றேன்.

‘மூணு மாசமா? தீபாவளி சீசன் வருதுடா!’

‘அப்ப நீயே போய்ச் சொல்லிக்க. நான் சொல்ல மாட்டேன்.’

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். ‘பார்க்கலாம்’ என்றான். வியாபாரி சொல்கிற ‘பார்க்கலாம்’ உங்களுக்கே தெரியும்.

செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

‘பாப்பா, கிரெடிட் நோட்டுக்கு என்ன சொன்னே?’

‘ஆல்ட் எஃப்6, சார்.’

‘ஆங்... எஃப்6.’

ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மறுபடியும், ‘பாப்பா...’