இரண்டு சாட்சிகள்

தங்கச்சி கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பன்னிரண்டு வருடங்களாகப் பிள்ளையில்லாதிருந்தவள், மச்சானோடு கொழும்புக்குப் போய்ச் சோதனைக் குழாய்ச் சிகிச்சை செய்துகொண்டு ஊருக்கு வந்திருந்தாள்.

"டொக்டரக் கண்டம், நேர்ஸ்மாரக் கண்டம். உள்ளுக்க வெச்சிச் சேர்த்தவங்க ஆரெண்டு தெரியா. பேர் மாறாமச் செஞ்சிருப்பாங்களா காக்கா?"

"அல்லாஹ்வில பாரத்தப் போடு" என்றேன். அவள் பேசாமல் எழுந்து போனாள். நான் சொன்னது சரிதான். ஆனால் அவள் கேட்டதற்கு அது பதிலில்லை.

வாவிக்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் தெரியும். இங்கே பிள்ளைக்கு உம்மாவின் குடி, வாப்பாவின் பெயர். குடியை வைத்துத்தான் பள்ளிவாசல் மரைக்காயர் தெரிவும் கல்யாணப் பேச்சும் நடந்து வந்தன. எடுத்து வளர்க்கும் பிள்ளையைக்கூடப் பெற்ற தகப்பனின் பெயரால் அழைக்கச் சொல்கிறது மார்க்கம். ஆய்வுகூடத்துக் கிண்ணத்தில் ஒட்டிய ஒரு சீட்டு மாறினால் குடியும் பெயரும் ஒன்றாகவே போய்விடும்.

யாருடைய பிள்ளை என்ற கேள்வி எவ்வளவு கொடியது என்பதை இந்தக் கரை ஒருமுறை கண்டது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பின், கல்முனையில் இடிபாடுகளுக்கிடையில் ஒரு கைக்குழந்தை உயிரோடு கிடைத்தது. வைத்தியசாலைக்கு அன்று வந்த 81ஆவது ஆள் என்பதால் அதற்கு அந்த இலக்கமே பெயராயிற்று. பலர் உரிமை கோரியதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு உத்தரவிட்டு, 2005 பெப்ரவரியில் பெற்றவர்களிடம் பிள்ளையை ஒப்படைத்தது. ஏழெட்டு வாரங்கள் அந்தத் தாய் எப்படித் தூங்கியிருப்பாள்?

அது கடல் செய்த பிழை. மனிதக் கையும் பிழை செய்யும். இங்கிலாந்தில் இப்படியொரு சிகிச்சையில் விந்து மாறிப்போய், வெள்ளைக்காரத் தம்பதிக்குக் கறுப்பு நிற இரட்டைப் பிள்ளைகள் பிறந்த செய்தி 2002இல் வெளியானது. அதைத் தொடர்ந்தே, ஒருவர் செய்வதை இன்னொருவர் அருகில் நின்று பார்த்துக் கையொப்பமிடும் நடைமுறை அங்கே கண்டிப்பாக்கப்பட்டது.

நமது உலமாக்கள் இந்த ஆபத்தை முன்பே கண்டிருந்தார்கள். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, கணவன் மனைவிக்கிடையில் மட்டும் இந்தச் சிகிச்சையை அனுமதித்தபோது, தேவையான எச்சரிக்கைகள் அனைத்தையும் எடுக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. எச்சரிக்கைகள் எவை? அதை எழுத வேண்டியவர்கள் அந்தத் தொழிலைச் செய்பவர்கள்தாம்.

அவர்களும் எழுதினார்கள். அல்ஃபா என்பது இனப்பெருக்க மருத்துவ விஞ்ஞானிகளின் சர்வதேசச் சங்கம். தங்கச்சி காணாத அந்த 'உள்ளுக்க' இருப்பவர்களின் சங்கம். 2010இல் இஸ்தான்புல்லில், ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தோடு கூடி, கருவை எப்போது பார்ப்பது, எப்படித் தரம் பிரிப்பது என்பதற்கு ஒரு பொது மொழியை வகுத்தது. 2011இல் அது வெளியானது. சேர்த்து 17 மணித்தியாலத்தில் கருக்கட்டல் நடந்ததா என்று பார்ப்பது, 44இல் நான்கு கலங்களை எதிர்பார்ப்பது, 68இல் எட்டு என்பது அன்று வகுத்த கணக்கு. கொழும்பில் ஒருவர் எழுதும் குறிப்பை இஸ்தான்புல்லில் இருப்பவர் வாசித்து, சரி பிழை சொல்லலாம். முட்டையும் விந்தும் கருவும் கைமாறும் முக்கிய கட்டங்களில் இரண்டாமவர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்று அந்த ஐரோப்பியச் சங்கத்தின் ஆய்வுகூட வழிகாட்டியும் சொல்கிறது.

"அல்லாஹ்வுக்குப் பயந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று ஒரு மௌலவி நண்பர் கேட்டார். கடன் கொடுத்தால் எழுதிக்கொள், இருவரைச் சாட்சியாக்கு என்று குர்ஆன் யாரிடம் சொன்னது என்று திருப்பிக் கேட்டேன். ஈமான் கொண்டவர்களிடம்தானே! நல்லவனுக்கும் மறதி உண்டு, களைப்பு உண்டு. சாட்சி வைப்பது அவனை அவமதிப்பதாகாது. அவனையும் அது காக்கிறது. காசுக்கே இவ்வளவு என்றால் நஸபுக்கு எவ்வளவு?

ஆனால் ஒன்று எனக்கு உறுத்துகிறது. எத்தனையோ காவின்களில் நானும் சாட்சியாகக் கையொப்பமிட்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் முழுப் பெயரும் தெரியாது. பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்டார்களா என்றும் தெரியாது. சஹன் எப்போது வரும் என்பதே நினைப்பு. அந்த அறையிலும் இரண்டாமவர் என்னைப் போலவே கையொப்பமிட்டால்? சங்கங்கள் கூடி விதி எழுதலாம்; கண்ணால் பார்ப்பதைப் பார்ப்பவர்தான் செய்ய வேண்டும். அமானிதம் என்பது அந்த ஒரு கணத்துப் பார்வைதான்.

தங்கச்சிக்கு இரண்டு தடவையும் தரிக்கவில்லை. இரண்டாம் தடவை போகுமுன் மச்சான் அங்கே கேட்டாராம், சீட்டை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று. இருவர் என்று சொல்லி, கையொப்பமிட்ட தாளையும் காட்டினார்களாம். ஆறுதல் சொல்லப் போன என்னிடம் அவள் சொன்னாள்:

"போனாலும் எங்கடதுதானே காக்கா போச்சி."

அழுவதற்கும் அந்த உறுதி வேண்டியிருந்திருக்கிறது.