தான்றி மரத்தடியில் ஒரு பாடம்

சென்ற கோடை விடுமுறையில் என் அண்ணன் மகன் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தான். புனேயில் பொறியியல் படிப்பவன். ஒருநாள் மாலை சீட்டுக்கட்டுடன் என் எதிரே அமர்ந்து, "சித்தப்பா, உங்களுக்குப் போக்கர் கற்றுத் தரட்டுமா? ஓர் ஆட்டத்தைக் கற்பதில் என்ன தவறு?" என்று கேட்டான். குரலில் விளையாட்டு இருந்தது, கேள்வியில் இல்லை.

சம்மதித்தேன். காசுக்குப் பதிலாக ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டைகளை எடுத்துக்கொண்டோம்.

விதிகள் எளியவை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படுகின்றன. பின்னர் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக இன்னொன்று என ஐந்து சீட்டுகள் திறக்கப்படுகின்றன. இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தை அமைக்க வேண்டும். நடுநடுவே நான்கு முறை பணயம் வைக்கலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகிக்கொள்ளலாம். அரிய சேர்க்கையே உயர்ந்த சேர்க்கை. 52 சீட்டுகளிலிருந்து ஐந்தை 25,98,960 வகைகளில் எடுக்கலாம். அவற்றுள் ஒரே எண்ணுடைய நான்கு சீட்டுகள் அமைபவை 624 மட்டுமே. பாதிக்கும் சற்று மேலானவற்றில் ஒரு ஜோடிகூட இராது.

ஆகவே பெரும்பாலும் வெறுங்கையுடன்தான் ஆட வேண்டும். வெறுங்கையை நிறைந்த கையாகக் காட்டுவதும் ஆட்டத்தின் பகுதியே. இரண்டு முறை அவன் உயர்த்திய பணயத்திற்கு அஞ்சி விலகினேன். இரண்டு முறையும் அவனிடம் ஒன்றுமே இல்லை. இது பொய்யா என்றால், இருவரும் அறிந்து ஒப்புக்கொண்ட விதிக்குள் நடப்பதால் பொய்யன்று என்றே எனக்குப் படுகிறது. அதைவிட என்னை வருத்தியது வேறொன்று.

ஒரு சுற்றில் எனக்கு இரண்டு ஏஸ் கிடைத்தன. ஒருவர்க்கொருவர் ஆடும்போது, எதிராளியின் கை எதுவாயினும், கடைசிவரை சென்றால் நூற்றுக்குச் சுமார் எண்பத்தைந்து முறை வெல்லும் கை அது. தோற்றேன்! முப்பது கொட்டைகள் போயின. உடனே, "இன்னும் ஒரு ஆட்டம்" என்றேன். சொன்ன பிறகுதான் என் குரலைக் கேட்டேன். அடுப்படியில் ஒரு பானை நிறையக் கிடக்கும் புளியங்கொட்டைக்காக ஐம்பத்தெட்டு வயதில் என் நெஞ்சு படபடத்தது.

மகாபாரதத்தின் வன பர்வத்தில் பிருகதசுவ முனிவர் தர்மபுத்திரருக்கு நளன் கதையைச் சொல்கிறார். சூதில் நாடிழந்த நளன், அயோத்தி மன்னன் இருதுபர்ணனுக்குத் தேரோட்டியாகிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் இலையையும் காயையும் மன்னன் கணக்கிட்டுச் சொல்ல, நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். கணக்கு சரியாக இருக்கிறது. (அக்காலத்தில் தான்றிக் கொட்டைகளே சூதாடு காய்கள்.) குதிரைக் கலையைத் தருவதாகச் சொல்லி அந்த எண்ணின் கலையை நளன் பெற்ற கணமே, அவனுள் புகுந்திருந்த கலி வெளியேறுகிறான். இந்தக் கதையைத்தான் அண்ணன் மகன் எனக்கெதிராக எடுத்துக்கொண்டான். "அறியாமைதானே கலி? நன்றாகக் கற்றுவிட்டால் விட்டதைப் பிடித்துவிடலாமே?"

"எதை விட்டாய்?"

அப்போதுதான் சொன்னான். முந்தைய ஆண்டு கைப்பேசியில் ஆடி, கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியை இழந்திருந்தான். ரம்மி திறமைசார்ந்த ஆட்டம் என 1968 இல் உச்ச நீதிமன்றம் கூறியது; போக்கர் சூதாட்டமே என 2017 இல் குஜராத் உயர் நீதிமன்றமும், திறமையின்பாற்பட்டது என 2023 இல் சென்னை உயர் நீதிமன்றமும் கருதின. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் தடுக்கும் சட்டத்தை 2025 இல் நாடாளுமன்றம் இயற்றியது. ஆனால் நண்பர்களின் அறைக்கதவுகள் திறந்தே இருந்தன.

நளன் விட்டதைப் பிடித்தது உண்மைதான். ஆயினும் அந்தக் காட்டில் அமர்ந்து கதை கேட்டவர் யார் என்பதை மறக்கலாகாது. முதல் சூதில் சகுனியின் திறமையை விதுரர் வாயிலாகக் கேட்டும் ஆடியவர் அவர். இழந்ததெல்லாம் திருப்பித் தரப்பட்ட பின், மறுசூதுக்கு அழைப்பு வந்தபோது, அழிவு என்று உணர்ந்தே திரும்பிச் சென்றார். அப்போது அவரிடம் குறைந்திருந்தது கணக்கறிவா? தெரிந்தும் எழுந்து செல்ல இயலாத நிலைக்கு எந்தக் கலை மருந்து? காய்களின் இரகசியத்தை முனிவர் பின்னர் அவருக்கும் உபதேசித்தார். விராடன் அவையில் கங்கன் என்ற பெயரில் அவர் காய் உருட்டியபோது, பணயம் வைக்க அவரிடம் நாடும் இல்லை, தம்பியரும் இல்லை.

கற்பதைத் தவறென்று என்னால் அவனிடம் சொல்ல முடியவில்லை. முப்பது கொட்டைகளுக்கு என் மனம் செய்ததை மட்டும் ஒளிக்காமல் சொன்னேன். விட்டதைப் பிடிக்க உட்காருபவன் சீட்டைப் பார்ப்பதில்லை. விட்டதையே பார்க்கிறான் என்றும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான்.

அண்ணனிடம் யார் சொல்வது என்பது எஞ்சியிருந்தது. "நானே சொல்கிறேன், சித்தப்பா. நீங்கள் பக்கத்தில் மட்டும் இருங்கள்" என்றான்.