தூக்குக் கைதியின் காத்திருப்பு

 



2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது புதுச்சேரியே கொதித்தது. நீங்களும் தெருவில் நின்றீர்கள், நானும் அழுதேன். அந்த வாரம் எல்லோருடைய போனிலும் ஒரே செய்திதான்: "விசாரணை எதற்கு? உடனே தூக்கில் போடு." கைதானவர்களை நம்மூர் காலாப்பட்டு மத்திய சிறைக்குக் கொண்டுவந்தபோது, பள்ளிவாசலிலேயே சில இளைஞர்கள் என்னிடம் கேட்டார்கள்: "ஹழ்ரத், இவர்களுக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தாலும் இருபது வருஷம் சோறு போட்டு உள்ளே வைத்திருப்பார்களே, இது நியாயமா?"

நியாயமான கேள்வி. கோபத்தில் கேட்டாலும் அதற்குள் ஒரு மார்க்கக் கேள்வி இருக்கிறது. மரணம் என்று தீர்ப்பான மனிதனை எதற்காகக் காக்க வைக்கலாம், எதற்காகக் காக்க வைக்கக் கூடாது?

முதலில் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். செஷன்ஸ் நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். அதன்பின் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு, மறுசீராய்வு மனு. எல்லாம் முடிந்தபின் ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கருணை மனு. இதில் நீதிமன்றப் படிகளை வீண் என்று சொல்பவர்கள் ராஜீவ் காந்தி கொலை வழக்கைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் அவரும், உடன் இருந்த போலீஸ்காரர்களும் பொதுமக்களும் கொல்லப்பட்டார்கள். 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை. மீதி 19 பேர் வெளியே வந்தார்கள். 'உடனே போடு' என்ற நம் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தப் பத்தொன்பது பேரும் இன்று கப்ரில்.

அதோடு முடியவில்லை. தூக்கு உறுதியான நால்வரில் ஒருவர் பேரறிவாளன். கைதாகும்போது வயது 19. அவருடைய ஒப்புதல் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், 2013-ல், அதாவது இருபத்திரண்டு வருஷம் கழித்து, ஒரு விஷயத்தை வெளியே சொன்னார். தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்குப் பயன்படப் போகிறது என்று தெரியாது என அந்த இளைஞன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். சுப்ஹானல்லாஹ்! ஒரு மனிதனின் உயிர் எழுதப்படாத ஒரு வரியில் தொங்கியிருக்கிறது.

ஆக, உண்மையைத் தேடுவதற்கான தாமதம் ரஹ்மத். சந்தேகம் இருந்தால் தண்டனையை விலக்குங்கள் என்பது நம் ஃபுகஹாக்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் சட்டம். காழி தவறுவதாக இருந்தால் மன்னிப்பதில் தவறட்டும், தண்டிப்பதில் தவற வேண்டாம் என்றும் நாம் ஓதியிருக்கிறோம்.

இனி அடுத்த பக்கம். அந்த நால்வரில் நளினிக்கு 2000-த்தில் தண்டனை குறைக்கப்பட்டது. முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் கருணை மனுவும் அதே ஆண்டு டெல்லிக்குப் போனது. பதில் வந்தது 2011 ஆகஸ்டில். பதினொரு ஆண்டுகள்! மூன்று குடியரசுத் தலைவர்களின் காலம். அந்தப் பதினொரு ஆண்டில் புதிய சாட்சி விசாரிக்கப்பட்டதா? இல்லை. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களிடம் மன்னிக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்களா? அதுவும் இல்லை. கோப்பு மேசையில் கிடந்தது. பிறகு திடீரென்று, செப்டம்பர் 9 தூக்கு என்று நாள் குறித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது.

இங்கேதான் ஒரு ஹதீஸ் என் நெஞ்சைப் பிடிக்கிறது. இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது, ஹாகிமில் பதிவாகியிருக்கிறது. ஒருவர் ஆட்டைப் படுக்க வைத்துவிட்டு, அதன் கண்ணெதிரே கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, இதை ஒரு முறைக்கு மேல் சாகடிக்க நினைக்கிறீரா, படுக்க வைப்பதற்கு முன்பே தீட்டியிருக்கக் கூடாதா என்று கண்டித்தார்கள். அறுப்பது ஹலால். அந்த ஆடு அறுபடத்தான் போகிறது. ஆனாலும் கத்தி தீட்டும் சில நிமிஷங்கள் அதற்கு இன்னொரு மரணம் என்று நபியவர்கள் கண்டார்கள். ஆட்டுக்கே இந்தக் கணக்கு என்றால், காலையில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் 'இன்றைக்கோ' என்று எழுந்து உட்காரும் மனிதனுக்குப் பதினொரு வருஷம் என்பது எத்தனை மரணம்?

இது நம் நீதிபதிகளுக்கும் உறுத்தியிருக்கிறது. 1983-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், வைத்தீஸ்வரன் என்பவர் எட்டு ஆண்டுகள் தனிமைச் சிறையில் தூக்குக்காகக் காத்திருந்ததைப் பார்த்த நீதிபதி சின்னப்ப ரெட்டி, இரண்டு ஆண்டுக்கு மேல் தாமதமானாலே தண்டனையைக் குறைக்கலாம் என்றார். சில வாரங்களிலேயே வேறு அமர்வு அதை ஏற்கவில்லை. 2014 ஜனவரியில், ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு, கருணை மனுவில் காரணமில்லாமல் தாமதித்தது போன்ற காரணங்களால் பதினைந்து பேரின் தூக்கை ஆயுளாக மாற்றியது. அடுத்த மாதம் இந்த மூவருக்கும் அதே தீர்ப்பு. சிறையில் இவர்கள் வேதனைப்படவில்லை, மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள் என்று அரசுத் தரப்பு வாதாடியதை இப்போது நினைத்தாலும் கசக்கிறது.

இப்போதைய புதிய சட்டத்தில் மனு போட 30 நாள், மாநிலத்தின் கருத்து வந்தபின் மத்திய அரசு பரிந்துரை அனுப்ப 60 நாள் என்று கெடு வைத்திருக்கிறார்கள். குடியரசுத் தலைவர் முடிவெடுக்கக் கெடு இல்லை.

நம் ஃபிக்ஹிலும் நீண்ட காத்திருப்பு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. முஆவியா (ரலி) அவர்கள் காலத்தில் ஹுத்பா இப்னு கஷ்ரம் என்பவர் கொலை செய்தார். கொல்லப்பட்டவரின் மகன் சிறுவன். அந்தப் பையன் பருவமடைந்து, பழி வாங்குவதா மன்னிப்பதா என்று அவனே முடிவெடுக்கும் வரை ஹுத்பாவைச் சிறையில் வைத்தார்கள். ஹஸன், ஹுஸைன், ஸயீத் இப்னுல் ஆஸ் (ரலி) ஆகியோர் ஏழு தியத் தருகிறோம் என்று கேட்டும் அந்த இளைஞன் மறுத்துவிட்டான். கிஸாஸ் நிறைவேறியது. இப்னு குதாமா (ரஹ்) 'அல்முஃக்னீ'யில் இதை ஆதாரமாக எடுக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் சட்டமும் இதுவே. ஹனஃபீ மத்ஹபில், வயது வந்த வாரிசு இருந்தால் சிறுவனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எப்படியானாலும் எந்த நாளுக்காகக் காத்திருக்கிறோம் என்பது ஹுத்பாவுக்கும் தெரியும், கொல்லப்பட்டவரின் வீட்டுக்கும் தெரியும். அந்த நாள் வரை மன்னிப்பின் வாசல் திறந்திருந்தது. பெரியவர்கள் அந்த வாசலில் போய் நின்று கெஞ்சினார்கள். கோப்பு தூங்கிய பதினொரு வருஷத்தையும் இதையும் ஒன்றாக வைக்க முடியுமா?

"செத்தவன் வீட்டைப் பற்றிப் பேச மாட்டீர்களா, ஹழ்ரத்?" என்பீர்கள். பேசத்தான் வேண்டும். அல்பகரா 178ஆவது வசனம் வாரிசுக்கு உரிமை தருகிறது. அதே வசனம் கொன்றவனையும் வாரிசையும் சகோதரன் என்ற சொல்லால் இணைக்கிறது. நம் நாட்டு முறையில் அந்த வீட்டாரிடம் யாரும் கேட்பதில்லை. தண்டனை உண்டா இல்லையா என்று தெரியாமல் அவர்களும் வருஷக்கணக்கில் பத்திரிகையைப் புரட்டுகிறார்கள். முத்தியால்பேட்டை வழக்கில் கைதானவர்களில் ஒருவர் அதே ஆண்டு இந்தச் சிறைக்குள்ளேயே இறந்துபோனார். அவரைப் பொறுத்தவரை அந்தப் பெற்றோருக்குத் தீர்ப்பே கிடைக்காது.

சவூதியில் தூக்கு மேடையும் வாளும் உடனுக்குடன் என்று நினைக்கும் தம்பிமார்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கோழிக்கோட்டுக்காரர் ஒருவர், தன் பொறுப்பில் இருந்த மாற்றுத்திறனாளிச் சிறுவன் இறந்த வழக்கில், 2006 முதல் ரியாத் சிறையில் இருந்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து அந்தக் குடும்பம் தியத்துக்குச் சம்மதித்தது. ஒன்றரைக் கோடி ரியால், நம் பணத்தில் சுமார் 34 கோடி. 2024-ல் கேரளத்து மக்கள் மதம் பாராமல் திரட்டிக் கொடுத்தார்கள். மரண தண்டனை நீங்கியது. பதினெட்டு வருஷமும் வேதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேதனையின் மறுமுனையில் 'சம்மதம்' என்று சொல்லக்கூடிய ஒரு மனிதக் குடும்பம் இருந்தது.

தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே, உங்களுக்கோ எனக்கோ இல்லை. நம் கையில் இருப்பது நாக்கும் போனும்தான். அடுத்த முறை 'உடனே போடு' என்று அனுப்பும் முன், அந்தப் பத்தொன்பது பேரை ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! கொல்லப்பட்டவர்களின் வீட்டாருக்கு ஸப்ரையும், தாமதமில்லாத நீதியையும் தருவாயாக! மதிலுக்குள் நாள் தெரியாமல் காத்திருப்பவர்களுக்குத் தவ்பாவைத் தருவாயாக! அவர்களுடைய கோப்பைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு, அதை இன்றே திறந்து படிக்கும் பயத்தைத் தருவாயாக! ஆமீன்.